சூத்திரமா, கோடா, ஒருமுனை எண்ணா: வரிசைக் கணக்குக்கு எதைக் கைக்கொள்வது?

காரைக்குடியில் மாலை வேளைகளில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு மனத்திறன் பகுதியைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வரும் பிள்ளைகள், வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குகள் தொடங்கிய அன்றைக்கே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "சார், இதுக்கு ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணிட்டாப் போதுமா, இல்ல ஒவ்வொண்ணுக்கும் படம் போடணுமா?" இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் விடை சொல்லி அனுப்பிவிட முடியாது என்பதாலும், தவறான முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் எளிய கணக்கில் மதிப்பெண்ணை இழந்து நிற்பதைப் பல முறை பார்த்துவிட்டதாலும், கையில் இருக்கும் முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை எப்போது கைக்கொள்ளலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

நேரத்தை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 3 மணி நேரம் தருகிறார்கள். அதில் திறனறிவும் மனக்கணக்கும் சேர்ந்து 25 வினாக்கள். ஒரு வினாவுக்குச் சராசரியாக 54 விநாடி கிடைக்கிறது. வங்கி எழுத்தர் வேலைக்கான ஐ.பி.பி.எஸ். கிளார்க் முதல்நிலைத் தேர்வில், தர்க்கத் திறனைச் சோதிக்கும் ரீசனிங் பகுதியின் 35 வினாக்களை 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அங்கே ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 34 விநாடிதான். மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 100 வினாக்களுக்கு 60 நிமிடம், அதாவது வினாவுக்கு 36 விநாடி. குரூப் 4 எழுதுபவருக்குப் போதுமான முறை வங்கித் தேர்வு எழுதுபவருக்கு மெதுவானதாகிவிடக்கூடும்; வங்கித் தேர்வுக்காகப் பழகிய வேகம் குரூப் 4 எழுதுபவருக்குத் தேவையே இல்லாமலும் போகலாம்.

சூத்திரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒருவர் இடமிருந்து 7ஆவதாகவும் வலமிருந்து 12ஆவதாகவும் நின்றால், அந்த வரிசையில் இருப்பவர்கள் 7 + 12 − 1 = 18 பேர். இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அந்த ஒன்றை ஏன் கழிக்கிறோம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு முறை மாணவி ஒருவர், "கழிக்கணும்னு தெரியும் சார், ஏன்னுதான் தெரியல" என்று நேர்மையாகவே சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்தவர் வீட்டுக்கு நான்கைந்து பிள்ளைகளை அழைத்துப் போனேன். வளவு வாசலை, அதாவது வீட்டின் நடுவிலுள்ள திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் பழைய வீடு அது. தெற்குப் பக்கத்துத் தூண்களை எண்ணச் சொன்னேன், ஐந்து. மேற்குப் பக்கத்தை எண்ணச் சொன்னேன், ஏழு. இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை என்று கேட்டதும் பன்னிரண்டு என்றார்கள். தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வரச் சொன்னபோது பதினொன்றுதான் வந்தது. அந்த மாணவி மூலையில் நின்று, ஒரு கையை அங்கிருந்த தூணின் மேல் வைத்தபடியே, "இத ரெண்டு தடவ எண்ணிட்டேன் சார்" என்றார். மூலைத் தூண் தெற்கு வரிசைக்கும் உரியது, மேற்கு வரிசைக்கும் உரியது. அதைப் போலவே வரிசையில் நிற்கும் அந்த ஒருவர் இடப்பக்க எண்ணிக்கையிலும் வலப்பக்க எண்ணிக்கையிலும் இடம்பெற்றுவிடுகிறார். நான்கு பக்கமும் பக்கத்துக்கு ஐந்து தூண்கள் இருந்தால் மொத்தம் இருபது அல்ல, பதினாறு என்பதை அவர்களே அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொண்டவருக்குச் சூத்திரம் மிக நல்ல கருவி. ஒரே ஆளைப் பற்றி இரண்டு முனைகளிலிருந்தும் தகவல் தந்து மொத்தம் கேட்டாலும், மொத்தமும் ஒரு முனையும் தந்து மறுமுனையைக் கேட்டாலும், ஐந்து விநாடியில் விடை வந்துவிடும். படம் போடுவது அங்கே நேர விரயம்தான். வகுப்புத் தரவரிசைக் கணக்குகளில் பெரும்பகுதி இந்த வகையே. தேர்ச்சி பெற்றவர்களுள் ஒருவர் மேலிருந்து 14ஆவது, கீழிருந்து 23ஆவது; தேர்ச்சி பெறாதவர்கள் 7 பேர், தேர்வுக்கே வராதவர்கள் 4 பேர்; வகுப்பில் எத்தனை பேர் என்றால், 14 + 23 − 1 = 36, அத்துடன் 11 சேர்த்தால் 47. சூத்திரத்தை மட்டும் நம்பினவர்கள் 36 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதும் உண்டு, ஆனால் அதைச் சூத்திரத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது. வினாவைக் கடைசிவரை படிக்காததால் வருவது.

எங்கே ஒன்றைக் கழிக்க வேண்டும் என்பது கணக்குக்குக் கணக்கு மாறும்போதுதான் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு வகுப்பில் 45 பேர். மாணவிகள் மாணவர்களைப் போல இரு மடங்கு. அழகப்பன் தரவரிசையில் 14ஆவது. அவருக்கு முன்னே 8 மாணவிகள் இருக்கிறார்கள். அவருக்குப் பின்னே எத்தனை மாணவர்கள்? மாணவர்கள் 15, மாணவிகள் 30. அழகப்பனுக்கு முன்னே 13 பேர், அவர்களுள் 8 பேர் மாணவிகள் என்றால் மாணவர்கள் 5 பேர். 15இலிருந்து 5ஐக் கழித்துப் பத்து என்று விடையைக் குறித்துவிடுகிறவர்கள் அதிகம். அழகப்பனும் ஒரு மாணவர் என்பதால் அவரையும் விலக்கிவிட வேண்டும், விடை 9. இங்கே கழித்த ஒன்றுக்கும் மேலே தூணில் கழித்த ஒன்றுக்கும் காரணம் வேறு வேறு. இந்தக் கணக்குக்கென்று தனிச் சூத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை. யாரை எண்ணினோம், யாரை எண்ணவில்லை என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் போதும்.

இரண்டு பேர் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. இந்த ஒப்பீட்டின் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நாச்சியப்பன் இடமிருந்து 15ஆவது. உமையாள் வலமிருந்து 18ஆவது. இருவருக்கும் இடையே 6 பேர் நிற்கிறார்கள். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? பயிற்சிக் குறிப்பேடுகளில் இதற்குக் கொடுத்திருக்கும் சூத்திரம், மூன்றையும் கூட்டச் சொல்லும்: 15 + 6 + 18 = 39. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு தேர்வில் இதே அமைப்பில் ஒரு வினா வந்தது. கூட்டி வந்த எண் விடைத்தெரிவுகளில் இருந்தது. யோசிக்காமல் அதைக் குறித்துவிட்டு, நேரம் மிச்சமானது என்று மகிழ்ந்தும் கொண்டேன். கீழே 'தரவு போதாது' என்றும் ஒரு தெரிவு இருந்ததை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன். அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. ஆகவே இந்த வகையை நான் அவசரப்படாமல், நின்று நிதானித்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

உமையாள் நாச்சியப்பனுக்கு வலப்பக்கம்தான் நிற்கிறார் என்று வினா எங்கேயும் சொல்லவில்லை. அவர் இடப்பக்கமும் நிற்கலாம். அப்படியானால் நாச்சியப்பன் இடமிருந்து 15ஆவது, இடையே 6 பேர், எனவே உமையாள் இடமிருந்து 8ஆவது; அவரே வலமிருந்து 18ஆவதும் ஆகையால் மொத்தம் 8 + 18 − 1 = 25. இரண்டு விடைகளும் வினாவில் கொடுத்த எல்லாத் தகவலுக்கும் பொருந்துகின்றன. குறைந்த அளவு எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் 25. மொத்தம் எத்தனை என்று பொதுவாகக் கேட்டிருந்தால் தீர்மானிக்க இயலாது. உமையாள் நாச்சியப்பனுக்கு வலப்பக்கம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டுமே 39.

குறைந்த அளவுக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது: இரண்டு நிலைகளையும் கூட்டி, இடையே உள்ளவர்களைக் கழித்து, மேலும் இரண்டைக் கழிப்பது. 15 + 18 − 6 − 2 = 25, சரிதான். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. நாச்சியப்பன் இடமிருந்து 5ஆவது, உமையாள் வலமிருந்து 4ஆவது, இடையே 6 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் 5 + 4 − 6 − 2 = 1 என்று சொல்லும். குறைந்தது எட்டுப் பேராவது இருக்க வேண்டிய வரிசையில் ஒருவர் மட்டும் நிற்பதாகச் சூத்திரம் சொல்கிறது. நாச்சியப்பனுக்கு இடப்பக்கம் நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்பதால், ஆறு பேரைத் தாண்டி உமையாள் அங்கே நிற்கவே இடமில்லை; ஆகவே இங்கே ஒரே விடை, 5 + 6 + 4 = 15. சூத்திரம் இதைத் தானாகச் சொல்லாது. கோடு போட்டவருடைய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

கோடு போடுவது என்றதும் பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டுப் புள்ளி வைக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. அது முதல் இரண்டு நாளைக்குச் சரி. அதற்குமேல் தொடர்ந்தால் வேகம் வராது, இருபத்தேழாவது புள்ளியில் எண்ணிக்கையும் தவறிவிடும். நான் பழக்குவது வேறு வகைக் கோடு. ஒரு படுக்கைக் கோடு, அதில் பெயருக்கு ஒரு சிறு குறி. அந்தக் குறிக்கு இடப்பக்கம் எத்தனை பேர், வலப்பக்கம் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணாக எழுத வேண்டும். நாச்சியப்பன் 15ஆவது என்றால், அவருடைய குறிக்கு இடப்பக்கம் 14 என்று எழுதுகிறோம். 15 என்று எழுதுவதில்லை. உமையாளுக்கு வலப்பக்கம் 17. இடையே 6. இப்போது 14, ஒருவர், 6, ஒருவர், 17 என்று கோட்டின் மேல் இருப்பதை அப்படியே கூட்டினால் 39; கூட்டுவதில் ஒன்றைக் கழிப்பதா, இரண்டைக் கழிப்பதா என்ற குழப்பமே எழாது. உமையாளை இடப்பக்கம் மாற்றி இன்னொரு கோடு போட்டால் இரண்டாவது விடையும் கிடைத்துவிடும். பழகிய கைக்கு இரண்டு கோடும் சேர்ந்து இருபது விநாடிக்குமேல் ஆகாது.

இடத்தை மாற்றிக்கொள்ளும் கணக்குகளிலும் கோடுதான் கைகொடுக்கிறது. மீனாள் இடமிருந்து 9ஆவது, வள்ளியம்மை வலமிருந்து 14ஆவது. இருவரும் இடத்தை மாற்றிக்கொண்டதும் மீனாள் இடமிருந்து 20ஆவது ஆகிவிடுகிறார். வள்ளியம்மை இப்போது வலமிருந்து எத்தனையாவது? ஆட்கள் நகர்கிறார்கள், இடங்கள் நகர்வதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். கோட்டில் பெயர்களை விட்டுவிட்டு இரண்டு இடங்களைக் குறித்தால், இரண்டாவது இடம் வலமிருந்து 14ஆவது, அதுவே இடமிருந்து 20ஆவது. மொத்தம் 33. முதல் இடம் இடமிருந்து 9ஆவது; அது வலமிருந்து 33 − 9 + 1 = 25ஆவது. வள்ளியம்மை வந்து நிற்பது அங்கேதான்.

கடைசி வரியில் செய்தது மூன்றாவது முறை. அதை ஒருமுனை எண் என்று வகுப்பில் அழைக்கிறோம். வரிசையில் உள்ள எல்லோருடைய இடத்தையும் ஒரே முனையிலிருந்து எண்ணிய எண்ணாக மாற்றிக்கொள்வதுதான் அது. இடமிருந்து எண்ணும் எண்ணும் வலமிருந்து எண்ணும் எண்ணும் எப்போதும் மொத்தத்தைவிட ஒன்று கூடுதலாகவே கூடும்; எனவே வலமிருந்து 14ஆவது என்றால், 20 பேர் வரிசையில் அவர் இடமிருந்து 21 − 14 = 7ஆவது. இந்த ஒரு வரி போதும். 20 பேர் நிற்கும் வரிசையில் ஒருவர் இடமிருந்து 12ஆவது, இன்னொருவர் வலமிருந்து 14ஆவது, இடையே எத்தனை பேர் என்று கேட்டால், மொத்தத்திலிருந்து இரண்டையும் கழிக்கச் சொல்லும் சூத்திரத்தை வைத்திருப்பவருக்கு 20 − 26 என்று மைனஸ் ஆறு வந்து நிற்கும். குறியை விட்டுவிட்டு ஆறு என்று எழுதிவிடுவார். ஒருமுனை எண்ணில் 7ஆவது, 12ஆவது. இடையே 8, 9, 10, 11 ஆகிய நான்கு இடங்கள். 40 பேர் வரிசையில் ஒருவர் இடமிருந்து 10ஆவது, மற்றவர் வலமிருந்து 13ஆவது, இருவருக்கும் சரிநடுவில் நிற்பவர் இடமிருந்து எத்தனையாவது என்றாலும், 10ஐயும் 28ஐயும் கூட்டிப் பாதியாக்கி 19 என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆகவே மூன்றுக்கும் இடையே தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கும் முதல் கேள்வி, மொத்தம் தெரியுமா என்பதுதான். மொத்தம் கொடுத்திருந்தால் ஒருமுனை எண்ணே வேகமானது, பிழைக்கு இடம் குறைந்தது. இதில் நான் ஐயமின்றி இருக்கிறேன். மொத்தம் தெரியாமல் ஒரே ஆளைப் பற்றி மட்டும் கேட்டால் சூத்திரம். மொத்தம் தெரியாமல் இரண்டு பேர் இருந்தால் கோடு, அதுவும் இரண்டு கோடு. இந்த மூன்றாவது வகையில் சூத்திரத்தைத் தொடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன்.

எந்த முறையை எடுத்தாலும், தமிழில் வரும் வினாவைப் படிப்பதில் ஒரு கவனம் வேண்டும். 'வலமிருந்து நான்காவது' என்பது வேறு, 'மீனாளுக்கு வலப்புறம் நான்காவது' என்பது வேறு. முன்னதில் வரிசையின் வலது முனையிலிருந்து எண்ணத் தொடங்கி, முனையில் இருப்பவரை ஒன்று என்று கொள்கிறோம். பின்னதில் மீனாளை விட்டுவிட்டு, அவருக்கு அடுத்தவரை ஒன்று என்று கொள்கிறோம். 'எட்டாவதாக நிற்கிறார்' என்பதும் 'எட்டுப் பேருக்குப் பின்னே நிற்கிறார்' என்பதும் ஒன்றல்ல, இரண்டாமவர் ஒன்பதாவது. தேர்வு அறையின் பதற்றத்தில் 'இருந்து', 'புறம்' ஆகிய சொற்கள் கண்ணில் படாமல் நழுவிவிடுகின்றன. கணினித் திரையில் அடிக்கோடு போட வழியில்லை. வெற்றுத்தாளில் முனையிலிருந்து எண்ண வேண்டியதற்கு ஒரு செங்குத்துக் கோடும், ஆளிடமிருந்து எண்ண வேண்டியதற்கு ஒரு வட்டமும் இட்டுக்கொள்வது என் பழக்கம்.

விடைத்தெரிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிலைகளுக்குள் விகிதம் வரும் கணக்குகளில், எடுத்துக்காட்டாக 45 பேர் வரிசையில் ஒருவருக்கு முன்னே நிற்பவர்கள் பின்னே நிற்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு என்றால், தெரிவில் உள்ள 12ஐப் போட்டு முன்னே 11, பின்னே 33 என்று சரிபார்த்துவிடலாம். மற்ற இடங்களில் இது நேரத்தைத் தின்றுவிடும். இரண்டு தெரிவுகளை உறுதியாக விலக்க முடிந்தால் மட்டும் இதன் பயன் கூடும்: எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 குறையும் என்பதால், நான்கில் இரண்டை விலக்கிவிட்டு மீதியில் ஒன்றைக் குறிப்பது கணக்குப்படி லாபம்தான். குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் அங்கே தயக்கமே தேவையில்லை.

உயரம், வயது, மதிப்பெண் ஆகியவற்றை ஒப்பிட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் வினாக்களுக்கு மேலே சொன்ன சூத்திரமோ ஒருமுனை எண்ணோ உதவாது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் நிறுவனங்களில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். யாருக்குக் கீழே யார் என்பது அங்கே தெளிவு. தேர்வு வினாவில் அந்தத் தெளிவு பாதிதான் கிடைக்கும். ஐந்து பெண்களுள் மீனாள் அழகம்மையைவிட உயரம், அழகம்மை உமையாளைவிட உயரம், தெய்வானையும் உமையாளைவிட உயரம், வள்ளியம்மை ஒரே ஒருவரைவிட மட்டும் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் ஒரு கோடு வரைந்து, மேலே உயரம், கீழே குட்டை என்று வைத்தால், அடியில் உமையாள், அவருக்கு மேல் வள்ளியம்மை என்பது உறுதியாகிவிடும். அதற்கு மேலே அழகம்மையும் அவருக்கு மேலே மீனாளும் இருக்கிறார்கள். தெய்வானை எங்கே என்று தெரியாது. அவரைக் கோட்டின் மேல் எழுதாமல், பக்கத்தில் தள்ளி ஓர் அம்புக்குறியோடு எழுதி வைப்பதுதான் ஒழுங்கு. மிகவும் குட்டையானவர் யார் என்றால் உமையாள். மிகவும் உயரமானவர் யார் என்றால் மீனாளாகவும் இருக்கலாம், தெய்வானையாகவும் இருக்கலாம். பக்கத்தில் தள்ளி எழுதத் தெரியாதவர்கள் எழுதும் அவசரத்தில் தெய்வானையை ஏதோ ஓரிடத்தில் கோட்டில் சேர்த்துவிட்டு, பிறகு அதையே உறுதியான தகவலாக நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டு வரிசைகள் எதிரெதிரே அமரும் வினாக்கள் வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களைத்தான் அதிகம் வருத்துகின்றன. இதற்குச் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் அனுபவம். கல்யாண வீட்டில் எதிரெதிரே போட்ட பந்தியை நினைத்துக்கொண்டால் போதும். இலையின் நுனி எப்போதும் உண்பவரின் இடப்பக்கம் இருக்கும். வடக்குப் பார்த்து அமர்ந்தவரின் இலை நுனி மேற்கே நீளும். அவருக்கு எதிரே தெற்குப் பார்த்து அமர்ந்தவரின் இலை நுனி கிழக்கே நீளும். தாளில் இரண்டு வரிசையையும் வரைந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஓர் இலையை மட்டும் நுனியோடு வரைந்துகொண்டால், இடப்பக்கம் எது என்று ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருப்பி யோசிக்க வேண்டியதில்லை.

வரிசைக்கு ஆறு பேர். வடக்குப் பார்த்த வரிசையில் நாச்சியப்பன் இட முனையிலிருந்து 3ஆவது. அவருக்கு நேர் எதிரே சொக்கலிங்கம். சொக்கலிங்கத்துக்கு இடப்புறம் இரண்டாவதாகத் தெய்வானை. தெய்வானைக்கு எதிரே அமர்ந்திருப்பவர் நாச்சியப்பனுக்கு எந்தப் பக்கம்? வடக்குப் பார்த்தவரின் இலை நுனி தாளின் இடப்பக்கம் என்பதால் நாச்சியப்பன் தாளில் இடமிருந்து 3ஆவது. சொக்கலிங்கமும் அதற்கு நேரே. அவருடைய இலை நுனியோ தாளின் வலப்பக்கம் நீள்கிறது. எனவே தெய்வானை தாளில் 5ஆவது இடம், அவருக்கு எதிரே இருப்பவர் நாச்சியப்பனுக்கு வலப்புறம் இரண்டாமவர். தாளின் இடப்பக்கத்தையே சொக்கலிங்கத்தின் இடப்பக்கமாகவும் கொண்டவர் தெய்வானையை முதல் இடத்தில் அமர்த்தி, நேர் எதிரான விடையைக் குறித்திருப்பார். அந்த விடையும் தெரிவுகளில் இருக்கும். இந்த வகைக்குப் படத்தைத் தவிர மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. மனத்திலேயே போட்டுவிடுவேன் என்று சொல்லும் பிள்ளைகளிடமும் ஒரு மாதமாவது தாளில் வரையச் சொல்கிறேன்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். குரூப் 4 மட்டுமே இலக்கு என்றால், சூத்திரங்களின் பட்டியலை முழுவதுமாக விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் பழகினாலும் நேரம் போதும்; 54 விநாடியில் இரண்டு கோடு போட்டுச் சரிபார்த்தும்விடலாம். 100 வினாக்களுக்கு 90 நிமிடம் தரும் ரயில்வே வேலைக்கான ஆர்.ஆர்.பி. என்.டி.பி.சி. தேர்வின் முதல் கட்டத்திலும் வினாவுக்கு அதே 54 விநாடிதான். ஆனால் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும் என்பதால், அங்கே இரண்டாவது கோட்டைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் முக்கியமாகிறது. எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்கு ஒருமுனை எண்ணைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளாமல் போகக் கூடாது. மொத்தம் தெரிந்த கணக்கை அதில் பத்து விநாடிக்குள் முடித்தால்தான், எதிரெதிர் வரிசை போன்ற நீண்ட கணக்குக்கு நேரம் மிஞ்சும்.

மூன்று மாதம் கையில் இருப்பவர்கள் முதல் இரண்டு வாரம் சூத்திரத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்வதைச் சில பெற்றோர் விரும்புவதில்லை. பக்கத்துத் தெருவில் முதல் நாளே ஷார்ட்கட் சொல்லித் தருகிறார்கள் என்று வந்து சொல்வார்கள். கோட்டில் 14, ஒருவர், 6, ஒருவர், 17 என்று நாற்பது முறை எழுதிய பிள்ளை, சூத்திரத்தைத் தானே கண்டுபிடித்துவிடுகிறது. அப்படிக் கண்டுபிடித்த சூத்திரம் எங்கே பொருந்தாது என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. தேர்வுக்கு ஒரு வாரமே இருக்கிறது என்று வருபவருக்கு இந்த வழி பொருந்தாது. அவருக்கு ஒருமுனை எண்ணின் ஒற்றை வரியையும், ஒரே ஆளுக்கான சூத்திரத்தையும் சொல்லிக்கொடுத்து, மொத்தம் தெரியாத இரண்டு பேர் கணக்கு வந்தால் 'தீர்மானிக்க இயலாது' என்ற தெரிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன். அந்தத் தெரிவு இருந்தால், விடையைக் குறிப்பதற்கு முன் இரண்டாவது ஆளை மறுபக்கத்தில் நிறுத்திப் பார்க்க இடம் இருக்கிறதா என்பதை மட்டும் அவர் சரிபார்க்க வேண்டும். இட எண்ணும் வல எண்ணும் தனித்தனியே, இடையே உள்ளவர்களைவிட ஒன்றுக்கு மேல் கூடுதலாக இருந்தால் இடம் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.